உரி: ஒரு நொய்ய சொல்லும் பாணர் பெற்ற உடையும்

முன்னுரை

மென்மையும் நுண்மையும் உடைய பொருள்களைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. ஆவி, ஆடை, ஏடு, சவ்வு, படலம், சொலி, உரி என அவை விரியும். இவற்றுள் சில இன்றும் நாவில் வழங்குகின்றன. சில உரைநூல்களிலும் அகராதிகளிலும் மட்டும் தங்கிவிட்டன. இவ்வரிசையில் உள்ள ‘உரி’ என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்துப்பாட்டிலும் புறநானூற்றிலும் அது எப்பொருளில், எத்தகைய சூழலில் ஆளப்பட்டுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. அச்சொல்லின் பொருளைக் கெடா மாநிலத்துத் தோட்டப்புற வழக்கு எவ்வாறு தெளிவுபடுத்துகின்றது என்பதையும் உடன் நோக்குவோம்.

இவ்வாய்வுக்கு ஒரு தேவை உண்டு. ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்கும்போது, பாணர் பெற்ற உடைக்குப் பாம்பின் உரி உவமையாக வருதலை ‘மென்மை பற்றி வந்த உவமை’ என்று ஒரு தொடரில் கூறி நாம் கடந்துவிடுகிறோம். அவ்விளக்கம் பிழையன்று; ஆயினும் அது போதாது. மென்மை ஒன்றே கருத்தாயின் அனிச்சமும் அன்னத்தின் தூவியும் புலவர்க்கு எளிதில் கிட்டியிருக்கும். அவற்றை விடுத்து, ஓர் உயிர் கழற்றி எறிந்த தோலைப் புலவர் ஏன் நாடினர் என்பதே நம் வினா.

சொல்லும் பொருளும்

‘உரி’ வினையாகவும் பெயராகவும் வரும். வினையாயின் தோல் நீக்குதல், பட்டை களைதல், உடை கழற்றுதல் என்னும் பொருள்களைத் தரும். பெயராயின் தோல், மரப்பட்டை, பாம்பு கழற்றிய சட்டை ஆகியவற்றைக் குறிக்கும். அரை நாழி கொண்ட முகத்தலளவைக்கும் உரி என்பதே பெயர். அது வேறு பொருள். சிவபெருமான் போர்த்த யானைத்தோலை உரி என்றும் உரிவை என்றும் பக்தி இலக்கியம் வழங்கும். பாரதக் கதையில் பாஞ்சாலியின் துகில் உரியப்பட்ட செய்தியைக் கூறவும் இதே வினை பயன்படுகின்றது.

இப்பொருள்கள் அனைத்திலும் ஒரு பொதுமை காணப்படுகின்றது. உரி என்பது வெறும் மெல்லிய பொருளன்று. ஓர் உடம்பினின்று பிரிந்து வந்த பொருள். சவ்வும் படலமும் ஒன்றன்மேல் படிந்திருக்கும்போதே அப்பெயர் பெறும். உரியோ பிரிந்த பின்னரே அப்பெயர் பெறுகின்றது. யானையின் உடம்பில் இருக்கும்வரை அது தோல், நீக்கப்பட்டபோது உரி. எனவே இச்சொல்லில் ஒரு செயலும் ஓர் உடம்பும் மறைந்து நிற்கின்றன. யார் உரித்தார், எதனினின்று உரித்தார், உரித்ததை யார்க்குக் கொடுத்தார் என்னும் வினாக்களை இச்சொல் தன்னோடு கொண்டு வருகின்றது.

‘சொலி’ என்பதும் இத்தகையதே. சொலித்தல் என்றால் உரித்தல். மூங்கிலின் உட்புறத்தே ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தோலை உரித்தெடுத்தாற்போன்ற உடையைச் சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாடுகின்றார். மூங்கிலின் உட்டோலைக் காணாத மாணவர்க்குச் சீனர் ஊதும் குழலைச் சான்று காட்டலாம். அக்குழலில் ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் இடையே ஒரு துளை இருக்கும். நாணல் தண்டின் உள்ளிருந்து எடுக்கப்படும் மெல்லிய தோலை அதன்மீது ஒட்டுவர். அத்தோலின் அதிர்வே அக்குழலுக்குத் தனி நாதத்தைத் தருகின்றது. சீனர் இசைக்குழுக்கள் பல இயங்கும் மலேசியாவில் இச்சான்று தொலைவில் உள்ளதன்று.

மூன்று இணைகள்

உரி முதலாய நொய்ய பொருள்கள் உவமையாக வரும் இடங்களைத் தனித்தனியே நோக்காது, அவற்றின் முன்னடிகளோடு சேர்த்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. புதிய உடை பேசப்படுவதற்குச் சற்று முன்னர்ப் பழைய கந்தை பேசப்படுகின்றது. அக்கந்தைக்குக் கூறப்படும் தன்மையும் புத்துடைக்குக் கூறப்படும் உவமையும் ஒரே களத்திலிருந்து எடுக்கப்படுகின்றன.

முதலாவது, பொருநராற்றுப்படை. முடத்தாமக்கண்ணியார் காட்டும் பொருநன் கரிகாலன்முன் வந்து நிற்கும்போது உடுத்திருந்தது ஈரும் பேனும் குடியேறிய கந்தை; வியர்வையில் நனைந்தது; வேறு இழைகள் ஊடே செல்லுமாறு தைக்கப்பட்டது. மன்னன் அதனை நீக்கிப் பாம்பின் உரி போன்ற அறுவையை நல்குகின்றான். அவ்வறுவையின் இழை சென்ற வழியைக் கண்ணால் தொடர இயலாது; அதில் பூவேலைப்பாடும் உண்டு. இங்கே உவமை மூன்று வகையில் பொருந்துகின்றது. பாம்பின் உரி ஒளி ஊடுருவும் மென்மை உடையது. செதில்களின் வரிசை அதில் பூவேலை போலப் பதிந்திருக்கும். நலமுள்ள பாம்பின் உரி பெரும்பாலும் வாய்முனை தொடங்கி வால்வரை ஒரே துண்டாகக் கழலும். தையலோ இணைப்போ அதில் இல்லை. பல இழைகளால் ஒட்டுப்போட்ட கந்தைக்கு எதிரே, இணைப்பே அற்ற உரி நிற்கின்றது. சிற்றுயிர்கள் குடியிருந்த துணி போய், ஓர் உயிர் விட்டுச்சென்ற துணி வருகின்றது.

இரண்டாவது, பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனின் கொடையைக் கூறும் இடத்தில், பாணனின் இடையிலிருந்த கிழிந்த துணிக்குப் பாசியை உவமை ஆக்குகின்றார். அதனை நீக்கி, அவனும் அவன் பெருஞ்சுற்றமும் உடுக்குமாறு கொடுத்த கலிங்கத்துக்கு ஆவியை உவமை ஆக்குகின்றார். ஆவி என்பதற்கு நச்சினார்க்கினியர் பாலாவி எனப் பொருள் விரிப்பர். பாசி தேங்கிய நீரில் ஒட்டிக் கிடப்பது. ஆவி சுடுகின்ற பாலினின்று எழுவது. இரண்டும் நீர்மையின் இரு நிலைகள். கீழே படிந்த ஒன்றுக்குப் பதிலாக மேலே எழும் ஒன்று வருகின்றது.

மூன்றாவது, புறநானூற்றின் 398ஆம் பாடல். சேரமான் வஞ்சனைத் திருத்தாமனார் பாடியது. புலவர் இடையிலிருந்த கந்தை துரும்பு படிந்தது. அதனை நீக்கி மன்னன் உடுத்துவது புகை விரிந்தாற்போன்ற துகில். துரும்பு தீயில் இடப்படுவது. புகை அதினின்று எழுவது. இப்பாடலில் மேலும் ஒரு செய்தி உண்டு. அத்துகில் கருவூலத்திலிருந்து எடுத்துவரப்பட்டதன்று. மன்னன் தன் இடையில் உடுத்திருந்தது. தன் உடம்பிலிருந்த ஆடையைக் கழற்றி மற்றவர் உடம்பில் அவன் சேர்க்கின்றான். ‘உரி’ என்னும் சொல் இப்பாடலில் இல்லை. உரியின் பொருள் முழுவதும் இருக்கின்றது.

இவ்வொழுங்கு எல்லா இடத்தும் ஒரே வகையாய் அமைந்துள்ளது என நாம் வாதிடவில்லை. 383ஆம் புறப்பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார் பாம்புரியையும் மூங்கிற் சொலியையும் ஒருங்கே கூறுகின்றார். அங்கே கந்தை முன்னிறுத்தப்படவில்லை. ஆயினும் அப்பாடல் வேறொரு வகையில் நமக்குத் துணைசெய்கின்றது. உடையின் தோற்றத்துக்குப் பாம்புரியையும், இழை புலப்படாமைக்கு மூங்கிற் சொலியையும் அவர் பிரித்து உவமிக்கின்றார். நுண்மைக்குச் சொலி இருக்க, உரி அதனினும் வேறான ஒன்றைச் சுட்டவே வருகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆகவே உரியுவமையின் உள்ளீடு மாற்றம் ஆகும். பாம்பு உரி கழற்றுவது வளர்ச்சிக்காக. பழைய தோல் பற்றாமற் போகும்போது புதுத்தோல் உள்ளே உருவாகிவிடும். பாணனும் அத்தகைய ஒரு கழற்றலுக்கு உட்படுகின்றான். அவனுடைய கந்தையைக் கூறுமிடத்து நாம் மேற்கண்ட மூன்று பாடல்களும் ‘நீக்கி’ என்னும் பொதுவினையையே ஆள்கின்றன. உரித்தல் என்னும் வினையை ஆளவில்லை. ஒருவன் உடையை உரிதல் அவனை இழிவு செய்தலும் ஆகும் என்பதற்குப் பாஞ்சாலி கதையே சான்று. இரவலனின் கந்தையைக் களையும்போதும் அவன் மானத்துக்குக் குறை நேராதவாறு சொல் தேரப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். உரி என்னும் சொல் பொருநராற்றுப்படையில் கந்தையின் பக்கம் செல்லாது, கொடையின் பக்கமே நிற்கின்றது.

பிற நாட்டு வழக்குகள்

மெல்லிய துணியைப் போற்றாத நாகரிகம் இல்லை. ஆனால் எதனோடு ஒப்பிடுகின்றனர், யார் உடம்பில் காட்டுகின்றனர் என்பதில் வேறுபாடு மிகுதி. வங்கத்து டாக்கா மசுலின் வகைகளுக்கு ஓடும் நீர் என்னும் பொருளில் ‘ஆப்ரவான்’ என்றும், பனித்துளி என்னும் பொருளில் ‘ஷப்னம்’ என்றும் பாரசீகப் பெயர்கள் இட்டனர். அவை அரண்மனைகளில் வாங்குவோர்க்காக அமைந்த பெயர்கள். உரோமாபுரியில் செனெகா உடம்பை மறைக்காத மெல்லிய உடைகளைக் கண்டித்து எழுதினார். அங்கே நொய்ய துணி செல்வத்தின் வரம்பு மீறலாகவும் மகளிர் ஒழுக்கம் பற்றிய குறையாகவும் பேசப்பட்டது. அதே முதல் நூற்றாண்டில் எழுந்த ‘எரித்ரேயக் கடற்பயணம்’ என்னும் கிரேக்க நூல், தென்னாட்டு ‘அர்காரு’விலிருந்து சென்ற மெல்லிய துணியைக் குறிப்பிடுகின்றது. அவ்வூரை உறையூர் எனக் கொள்வோர் உளர். தென்னாட்டு மென்துகில் கடல் கடந்து விற்கப்பட்ட காலத்தை ஒட்டியே, இங்குப் புலவர் அதனைக் கந்தை களைந்த பாணனின் இடையில் கட்டிக் காட்டினர்.

ஆங்கிலத்தில் நொய்ய பொருளைக் குறிக்கும் ‘கோசமர்’ என்னும் சொல், இலையுதிர் காலத்தில் காற்றில் மிதக்கும் சிலந்தி இழையைக் குறித்துத் தோன்றி, பின்னர் மென்துணிக்கும் ஆகிவந்தது. தமிழில் சிலந்தி இழை அத்தகைய சிறப்பை எய்தவில்லை. பாலைப் பாடல்களில் சிலம்பியின் நூல் காய்ந்த மரக்கிளையைச் சூழ்ந்து வறட்சியைக் காட்டும். இன்றைய வழக்கில் நூலாம்படையும் ஒட்டடையும் துடைப்பத்தால் நீக்கப்படும் அழுக்கே. சிலந்தி வலை இரையைப் பிடிக்கப் பின்னப்படுவது. உரி, சொலி, பாலாவி ஆகியவை பின்னப்படாதவை, ஒன்றினின்று இயல்பாகப் பிரிபவை. கொடையைக் கூறப் புகுந்த புலவர் வலையை விடுத்து உரியை எடுத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தோட்டப்புற வழக்கு தரும் ஒளி

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், பேரா, பினாங்கு மாநிலங்களை அடுத்துள்ள பண்டார் பாரு மாவட்டத்தில் செர்டாங் அமைந்துள்ளது. 1909ஆம் ஆண்டு ஆங்கில-சயாம் உடன்படிக்கையால் கெடா ஆங்கிலேயர் செல்வாக்கின்கீழ் வந்தது. அதன்பின் பெருகிய ரப்பர்த் தோட்டங்கள் தமிழர் குடியிருப்புகள் பல உருவாகக் காரணமாயின. பிற்காலத்தில் ரப்பர் நின்ற நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறியது.

இத்தோட்டப்புறத்தார் பேச்சில் ‘பாம்புரி’ என்னும் சொல் இல்லை. ‘பாம்புச் சட்டை’ உண்டு. இது தமிழகத்திலிருந்து வந்த வழக்கே. சங்கப் புலவர் துணியை விளக்கப் பாம்பின் தோலை அழைத்தனர். மக்கள் பாம்பின் தோலை விளக்கத் துணியை அழைத்தனர். உவமையும் பொருளும் இடம் மாறி நிற்கின்றன. பாலின்மேல் படியும் படலத்தைப் ‘பாலாடை’ என்பதும் இவ்வாறே. எலியைத் தேடிப் பாம்புகள் வந்தணையும் செம்பனைக் காட்டில் மட்டைகளுக்கு இடையே சட்டையைக் கண்ட ஒரு மாணவன், உரியுவமையின் பாதியைப் பாடம் தொடங்குமுன்னரே அறிந்தவன் ஆவான்.

மறு பாதியைப் பால்மரம் கற்பித்தது. ரப்பர் மரம் வெட்டுதல் என்பது மரப்பட்டையை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவுதலே ஆகும். கத்தி ஆழ்ந்தால் மரம் காயப்படும். மேலோட்டமாகச் சென்றால் பால் வராது. முந்தைய வெட்டில் வடிந்து காய்ந்த பால், வெட்டுக்கோட்டின்மேல் மெல்லிய நாடாவாக ஒட்டியிருக்கும். அவ்வொட்டுப்பாலை உரித்தெடுத்த பின்னரே அடுத்த வெட்டு. கையில் பட்ட பால் காய்ந்ததும் தோல்போல் உரிந்து வரும். துணியில் பட்டாலோ அது போகாது. எத்துணை வெளுத்தாலும் கறையாக நிற்கும். ஆகவே வேலைக்காட்டுக்கு உடுத்தும் துணி தனியே வைக்கப்பட்டது. வியர்வையும் பாலும் ஊறி விறைத்த அத்துணியை அறிந்தவர்க்குப் பொருநனின் கந்தையைப் பற்றித் தனி விளக்கம் வேண்டுவதில்லை. உரித்தல் அவர்தம் அன்றாடத் தொழில்; உரித்தெடுத்ததன் பயன் மட்டும் அவர் உடம்பில் வந்து சேரவில்லை.

இவ்வேறுபாட்டைக் கெடாவிலேயே எழுந்த ஒரு நாவலின் துணையோடு விளக்கலாம். பீடோங்கில் 1942இல் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ 1981இல் வெளிவந்தது. அதன் நாயகன் ரவியின் குடும்பம் மருத்துவமனைத் துணிகளை வெளுத்துத் தேய்க்கும் தொழிலைச் செய்வது. பிறருடைய துணி நாள்தோறும் அக்குடும்பத்தின் கைகளில் வந்து போகின்றது. மடிப்புக் கலையாமல் உரியவரிடமே திரும்புகின்றது. ஆற்றுப்படையில் துணி ஓர் உடம்பிலிருந்து மற்றோர் உடம்புக்குக் கொடையாகச் செல்கின்றது. இந்நாவலில் அது கூலிக்காகக் கைமாறுகின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, வஞ்சன் தன் இடைத்துகிலைக் கழற்றிக் கொடுத்த செயல் எத்துணை அரியது என்பது வகுப்பறைக்குத் தெளிவாகும். புரவலன் ஒருவனை நம்பி நின்ற வாழ்வின் இடர்ப்பாடும் உடன் தெளிவாகும். கொடை இல்லாத நாள்களில் பாணன் உடுத்திருந்தது அக்கந்தையே அன்றோ? அவ்விடர்ப்பாட்டை ஆற்றுப்படைப் புலவர்கள் மறைக்கவில்லை. மறைப்பது, கந்தையை விடுத்துத் துகிலை மட்டும் எடுத்துக்காட்டும் நம் பாடக் குறிப்புகளே.

சொல் வரலாற்றில் ஓர் எச்சரிக்கை

கெடாவில் தமிழாசிரியர் இப்பகுதியைக் கற்பிக்கும்போது மற்றொரு சொல் எதிர்ப்படும். பட்டினப்பாலை கூறும் காழகம் என்னும் இடப்பெயரை நச்சினார்க்கினியர் கடாரம் என உரைப்பர். கடாரம் கெடாவென்பது அறிஞர் பலர் கொள்கை. காழகம் என்பதற்கு உடை என்னும் பொருளும் உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் அடுக்கும் முப்பத்தாறு துகில் வகைகளுள் ‘புங்கர்க்காழகம்’ ஒன்று. இவற்றை இணைத்து, கெடாவே துணிக்குப் பெயர் தந்தது என்று கூற மனம் விழையும். கலிங்கம் என்னும் துணிப்பெயர் நாட்டுப்பெயரால் வந்ததாகக் கருதப்படுவதும் அவ்விழைவுக்கு வலுவூட்டும். ஆயினும் ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது. கெடாவுக்கும் இப்பாடல்களுக்கும் உறவு காண நாம் பெயராய்ச்சியை நாடத் தேவையில்லை. அன்றாட வழக்கில் உள்ள சொற்களே அவ்வுறவைத் தருகின்றன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. உரி என்பது மெல்லிய பொருளை மட்டும் குறிப்பதன்று. ஓர் உடம்பினின்று பிரிந்து வந்த மெல்லிய பொருளைக் குறிப்பது. நாம் எடுத்துக்கொண்ட மூன்று இடங்களிலும் நொய்ய உவமை, கந்தையின் தன்மையோடு இணையாகவே அமைந்துள்ளது. பேனும் பாம்புரியும், பாசியும் ஆவியும், துரும்பும் புகையும் என அவ்விணைகள் நிற்கின்றன. அவற்றைப் பிரித்துப் படித்தால் அழகு எஞ்சும். வறுமையும் கொடையும் மறையும்.

எனவே, பாம்புரி என்பதற்கு எதிரே ‘மென்மை’ என்று எழுதும் சொற்பொருள் குறிப்பு திருத்தப்பெற வேண்டும். ‘பாம்பு கழற்றிய சட்டை, இங்கே, கந்தை நீங்கிய பாணன் பெற்ற இணைப்பற்ற மெல்லுடைக்கு உவமை’ என்று ஒரு வரி கூடினாலே போதும். அதனோடு ஆசிரியர் மற்றொன்றும் செய்யலாம். பாம்புச் சட்டை, பாலாடை, ஒட்டுப்பால் ஆகிய சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றை வீட்டில் யார் எப்பொருளில் வழங்குகின்றனர் என்று மாணவரையே கேட்டு வரச் செய்யலாம். பால்மரம் வெட்டிய தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். குலிமில் 1996இல் திறக்கப்பட்ட உயர்தொழில்நுட்பப் பூங்காவைப் போன்ற ஆலை வளாகங்களுக்கே அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் வேலைக்குச் செல்கின்றனர். ஒட்டுப்பாலை உரித்த கைகள் நம்மிடையே இருக்கும்போதே அச்சொற்களையும் அவற்றின் பொருளையும் கேட்டுப் பதிந்துகொள்வது, ஆற்றுப்படையைக் கற்பிக்கும் பணியின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது.